23 ஆட்டம் தோற்ற அணிக்கு எப்படிக் கோப்பை கிடைத்தது? அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் சீசன், ஆரம்பத்திலிருந்து

அக்கா மகன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. கூட இருக்கும் பையன்கள் எந்நேரமும் கல்லூரி பேஸ்பால் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் இவனுக்கும் அது ஒட்டிக்கொண்டது. போன வாரம் போனில் கேட்டான்: "மாமா, 2022-ல ஓல் மிஸ் 23 ஆட்டம் தோத்திருக்காங்க, ஆனா சாம்பியன் அவங்கதான். அதே வருஷம் டென்னசி மொத்தமே 9 ஆட்டம்தான் தோத்தாங்க, அவங்க கடைசி எட்டு அணியிலகூட இல்ல. நீங்கதான் இதெல்லாம் பாக்குறீங்களே, இது என்ன கணக்கு?"

இந்தக் கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். அதிர்ஷ்டம் என்பார்கள். போட்டி முறையே சரியில்லை என்பார்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் புள்ளிப் பட்டியலைத் தேடுவார்கள், அப்படி நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிடுவார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் இந்த சீசனின் அமைப்பு ஒருமுறை புரிந்துவிட்டால் இதைவிட சுவாரசியமான விளையாட்டுக் கணக்கு வேறு இல்லை என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கின் மையத்தில் இருப்பது ஒரே ஒரு பொருள்: பந்து வீசுபவரின் கை. அதைப் பிடித்துக்கொண்டே போவோம். உதாரணத்துக்கு வேறெங்கும் போக வேண்டாம், 2022 ஓல் மிஸ் அணியையே எடுத்துக்கொள்வோம். மிசிசிப்பி மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சின்ன ஊரில் இருக்கும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தைத்தான் எல்லாரும் ஓல் மிஸ் என்று கூப்பிடுகிறார்கள்.

முதலில் ஆட்டம், சுருக்கமாக

இரண்டு அணி, ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணிகளும் ஒருமுறை அடிக்கும், மூன்று பேர் அவுட் ஆனால் அந்த முறை முடிந்தது. அடிப்பவர் மூன்று தளங்களைச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். ஆக ஓர் அணியை மடக்க 27 அவுட் எடுக்க வேண்டும். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமமாக இருந்தால் கூடுதல் இன்னிங்ஸ் ஆடி முடிவு பார்ப்பார்கள்.

பந்து வீசுபவருக்குப் பிட்சர் என்று பெயர். கிரிக்கெட்டில் ஆறு பந்து வீசிவிட்டு அடுத்தவர் கையில் பந்தைக் கொடுத்துவிட்டு எல்லைக்கோட்டுப் பக்கம் போய் நிற்கலாம், பத்து ஓவர் கழித்துத் திரும்பி வரலாம். இங்கே அது கிடையாது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், பயிற்சியாளர் வந்து பந்தை வாங்கும்வரை தொடர்ந்து வீசிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டத்தை விட்டு வெளியே போய்விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். தொடங்குபவரை ஸ்டார்ட்டர் என்பார்கள். அவருக்குப் பிறகு வரக் காத்திருப்பவர்கள் மைதானத்தின் ஓரத்தில் கையைச் சூடேற்றிக்கொள்ளும் இடம் புல்பென். அந்தக் காத்திருக்கும் கூட்டத்தையே புல்பென் என்று சொல்வதும் உண்டு.

மாவுப் பாத்திரக் கணக்கு

பிட்சர் நிற்கும் மேட்டுக்கும் அடிப்பவர் நிற்கும் இடத்துக்கும் நடுவே 18.44 மீட்டர். அந்தத் தூரத்தை மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிற பந்தை ஓடி வராமல், நின்ற இடத்திலிருந்தே, ஒரே உதறலில் வீச வேண்டும். அந்த உதறலின் பாரம் முழங்கையின் உள்பக்கம் இருக்கும் ஒரு சின்னத் தசைநார் மேல் விழுகிறது. அது அறுந்தால் உடம்பின் வேறு இடத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்து வைத்துத் தைப்பார்கள். 1974-ல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் முதன்முதலாக இதைச் செய்தார், இன்றுவரை அந்த அறுவை சிகிச்சைக்கு அந்தப் பிட்சரின் பெயர்தான். திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

அதனால் ஸ்டார்ட்டர் ஒருநாள் சுமார் 100 பந்து வீசினால் அதற்குப் பிறகு சில நாள் ஓய்வு வேண்டும். கல்லூரி அளவில் பொதுவாக ஒரு முழு வாரம்.

இதை நான் வீட்டில் விளக்கும்போது தோசை மாவை வைத்துத்தான் சொல்வேன். மூன்று பாத்திரத்தில் மாவு இருக்கிறது. ஒன்றில் அருமையான பதம், இன்னொன்றில் நல்ல பதம், மூன்றாவதில் சுமார். வெள்ளிக்கிழமை வந்த விருந்தாளிக்கு முதல் பாத்திரத்தைக் காலி செய்துவிட்டால், சனிக்கிழமை வேறு பெரிய விருந்தாளி வந்து நின்றாலும் அந்த மாவு இல்லை. மறுபடி ஊறவைத்து, அரைத்து, புளிக்க வைத்து எடுக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அவசரப்படுத்தினால் மாவு கெடும், இங்கே கை கெடும்.

சரி, இதுவரை வந்தது: ஆட்டத்தை அதிகம் தீர்மானிப்பவர் பிட்சர், அவர் கை தினமும் கிடைக்காத சரக்கு. அடுத்து வரும் எல்லாமே இந்த ஒரு உண்மையிலிருந்து கிளைத்து வருவதுதான்.

ஒரு வாரம் எப்படி ஓடுகிறது

கல்லூரி சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது. வகுப்பு, தேர்வு எல்லாம் நடக்கும் அதே பருவத்தில்தான் இதுவும். ஓர் அணி அதிகபட்சம் 56 வழக்கமான ஆட்டங்கள் ஆடலாம். பிப்ரவரியில் வடக்கு மாநிலங்களில் மைதானத்தின் மேல் பனி கிடக்கும், ஆகவே அந்த ஊர் அணிகள் முதல் சில வாரங்கள் பை கட்டிக்கொண்டு தெற்கே போய் அடுத்தவர் மைதானத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். தெற்கு மாநில அணிகளின் கை இதில் ஓங்கியிருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம்.

வாரத்தின் முக்கியமான ஆட்டங்கள் வெள்ளி, சனி, ஞாயிறு. ஒரே எதிரணியோடு மூன்று நாளும் மூன்று ஆட்டம். இதைத்தான் வார இறுதித் தொடர் என்கிறார்கள். முதல் பாத்திரம் வெள்ளிக்கிழமை, இரண்டாவது சனிக்கிழமை, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. அதனால்தான் அணியின் தலைசிறந்த பிட்சருக்கு "வெள்ளிக்கிழமைக்காரர்" என்றே பெயர், அந்தப் பெயரில் ஒரு மரியாதை இருக்கிறது. நடுவில் செவ்வாய்க்கிழமை பக்கத்து ஊர் கல்லூரியோடு ஓர் ஆட்டம் இருக்கும், அதில் முதலாண்டுப் பையன்களை வீச விட்டுப் பார்ப்பார்கள்.

இங்கேதான் முதல் தவறான புரிதல் நுழைகிறது. செவ்வாய்க்கிழமை ஒரு சின்னக் கல்லூரியிடம் தோற்றால் "இவ்வளவு பெரிய அணி, இவர்களிடமா தோற்றது" என்று எழுதுவார்கள். அன்று நல்ல மாவு வெளியே எடுக்கப்படவே இல்லை என்பது அந்த ஸ்கோர் அட்டையில் தெரியாது.

அணிகள் வட்டாரம் வட்டாரமாகக் கூட்டமைப்புகளாகச் சேர்ந்திருக்கின்றன, அதுதான் கான்ஃபரன்ஸ். ஓல் மிஸ், டென்னசி, ஆர்கன்சா, எல்.எஸ்.யூ., வாண்டர்பில்ட் எல்லாம் சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ். சுருக்கமாக எஸ்.இ.சி. என்பார்கள். பத்து வார இறுதி, வாரத்துக்கு மூன்று, ஆக 30 ஆட்டம் தங்களுக்குள்ளேயே ஆடித் தீர்க்கிறார்கள். நாட்டின் மிகக் கடினமான கான்ஃபரன்ஸ் இதுதான் என்பது என் கருத்து, கடந்த பல வருடக் கோப்பைகளைப் பார்த்தால் மறுப்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

ஓல் மிஸ்ஸின் வசந்த காலம்

2022 மார்ச்சில் ஓல் மிஸ் வாராந்தரத் தரவரிசையில் நாட்டின் முதலிட அணி. சொந்த மைதானத்தின் வலது பக்கப் புல்வெளியில் மாணவர்கள் கூட்டமாக நின்றிருப்பார்கள், ஓல் மிஸ் ஹோம் ரன் அடித்தால், அதாவது பந்து வேலி தாண்டிப் போனால், கையிலிருக்கும் பியர் கோப்பைகளை அப்படியே வானத்தை நோக்கி வீசுவார்கள், ஒரு நொடிக்கு அங்கே மழை பெய்த மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட கோலாகலத்துக்கு நடுவே மார்ச் கடைசியில் டென்னசி வந்தது. முதல் ஆட்டம் 12-1. அடுத்த இரண்டும் டென்னசிக்கே. மூன்றுக்கு மூன்று.

அதோடு சரிவு தொடங்கியது. மே முதல் தேதி வாக்கில் 24 வெற்றி, 19 தோல்வி. எஸ்.இ.சி.க்குள் மட்டும் பார்த்தால் 7 வெற்றி, 14 தோல்வி. 2001 சீசனிலிருந்து அணியை நடத்திவந்த பயிற்சியாளர் மைக் பியான்கோவை மாற்று என்று ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அணியில் அடிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. சிக்கல் வார இறுதிக்கான பாத்திரங்களில் இருந்தது. முதல் வாரங்களில் யார் தொடங்கினாலும் ஆட்டம் நிலைக்கவில்லை. அப்போது புல்பென்னில் இருந்த இரண்டு பேரை மெல்ல மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். ஒருவர் டிலன் டெலூசியா, ஃபுளோரிடாவில் ஒரு இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடிவிட்டு அந்த வருடம்தான் வந்து சேர்ந்தவர். இன்னொருவர் ஹண்டர் எலியட், முதலாண்டு மாணவர், இடது கைக்காரர். டெலூசியா வெள்ளிக்கிழமைக்காரர் ஆனார், எலியட் அவருக்குப் பின்னால். மே மாதத்தில் மிசூரியை மூன்றுக்கு மூன்று, அப்புறம் எல்.எஸ்.யூ.வை அவர்கள் ஊரிலேயே மூன்றுக்கு மூன்று. டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் மட்டும் ஒன்றை ஜெயித்து இரண்டைத் தோற்றார்கள். கான்ஃபரன்ஸ் கணக்கு 14-16 என்று முடிந்தது. பிறகு கான்ஃபரன்ஸின் சொந்தக் கோப்பைப் போட்டியில் வாண்டர்பில்ட்டிடம் முதல் ஆட்டத்திலேயே வெளியே. மொத்தம் 32-22.

அந்த 22 தோல்விகளில் பெரும்பாலானவை மே மாதத்துக்கு முந்தைய அணி வாங்கியவை. ஜூனில் களம் இறங்கப் போவது வேறு பாத்திரங்களோடு இருக்கும் அணி. வெற்றி-தோல்வி எண்ணிக்கை இந்த இரண்டையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டும், பிரித்துக் காட்டாது.

64 அணிப் பட்டியலில் எப்படி இடம் பிடிப்பது

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் முதல் பிரிவில் சுமார் 300 பேஸ்பால் அணிகள். அவற்றில் 64 அணிகள்தான் மே கடைசியில் தேசியப் போட்டிக்குப் போகும். ஏறக்குறைய பாதி இடம் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நேரடியாகப் போய்விடும். மீதி இடங்களை ஒரு தேர்வுக் குழு உட்கார்ந்து நிரப்புகிறது. இப்படிக் குழு பார்த்துக் கொடுக்கும் இடத்துக்கு அட்-லார்ஜ் இடம் என்று பெயர்.

குழு எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறது? பல விஷயங்கள் உண்டு, அதிகம் பேசப்படுவது ஆர்.பி.ஐ. என்ற எண். பேர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிது. ஒரு பையன் 80 மார்க் வாங்கியிருக்கிறான் என்றால் நாம் என்ன கேட்போம்? எந்தப் பள்ளி, வினாத்தாள் எப்படி, கூடப் படித்தவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்று கேட்போம் இல்லையா, அதேதான். அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்குக் கால் பங்கு மதிப்பு. அது மோதிய அணிகளின் வெற்றி விகிதத்துக்கு அரைப் பங்கு. அந்த அணிகள் மோதிய அணிகளின் வெற்றி விகிதத்துக்கு மீதிக் கால் பங்கு. சொந்த ஊரில் வெல்வதைவிட வெளியூரில் வெல்வதற்குக் கூடுதல் எடை உண்டு: வெளியூர் வெற்றி 1.3 ஆகவும் உள்ளூர் வெற்றி 0.7 ஆகவும் கணக்கில் ஏறும். தோல்விக்கு இது தலைகீழ்.

கவனித்தீர்களா, முக்கால் பங்கு எதிராளிகளைப் பற்றியது. அதனால் எளிய எதிராளிகளோடு ஆடி 40 ஜெயித்த அணியைத் தாண்டி, எஸ்.இ.சி.யில் அடிபட்டு 32 ஜெயித்த அணி உள்ளே வரலாம். ஆனாலும் ஓல் மிஸ் நூலிழையில்தான் வந்தது. குழு கடைசியாகச் சேர்த்த அட்-லார்ஜ் அணி அதுதான் என்று அப்போதே அறிவிக்கப்பட்டது. ஓர் இடம் குறைந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆக, பிப்ரவரி முதல் மே வரை நடப்பதை ஒரு நீண்ட நுழைவுத் தேர்வு என்று எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்தபின் அந்த மதிப்பெண்ணை யாரும் தூக்கிக்கொண்டு வர முடியாது. டென்னசியின் 7 தோல்வியும் ஓல் மிஸ்ஸின் 22 தோல்வியும் அதோடு அழிந்துவிடுகின்றன. நன்றாக ஆடிய அணிக்குச் சொந்த மைதானத்தில் ஆடும் வசதி மட்டும் பரிசாகக் கிடைக்கும்.

ஒருமுறை தோற்றால் போவதில்லை, இருமுறை தோற்றால் போகும்

64 அணிகளை நான்கு நான்காக 16 ஊர்களுக்கு அனுப்புகிறார்கள். இந்தக் கட்டம் ரீஜனல். ஒவ்வொரு ஊரிலும் நான்கு அணிக்கும் 1 முதல் 4 வரை வரிசை எண் கொடுப்பார்கள், அதுதான் சீட். ஓல் மிஸ் போனது மயாமி பல்கலைக்கழகம் இருக்கும் கோரல் கேபிள்ஸுக்கு. மயாமி 1, அரிசோனா 2, ஓல் மிஸ் 3, கனீஷியஸ் 4.

இங்கே நடப்பது இரட்டைத் தோல்வி முறை. ஐ.பி.எல். பார்ப்பவர்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம். முதல் இரண்டு இடத்து அணிகள் முதல் குவாலிஃபையரில் மோதி, தோற்றவர் வீட்டுக்குப் போகாமல் இன்னொரு ஆட்டம் ஆடுகிறார் இல்லையா, அந்த இரண்டாவது வாய்ப்பை நான்கு அணிக்கும் கொடுத்தால் எப்படியோ அப்படி. முதல் நாள் இரண்டு ஆட்டம். வென்ற இருவர் ஒரு பக்கம் மோதுவார்கள், தோற்ற இருவர் இன்னொரு பக்கம். இரண்டாவது தோல்வி வாங்கியவர் பெட்டி கட்ட வேண்டும். கடைசியில் தோல்வியே இல்லாத ஓர் அணியும் ஒரு தோல்வியோடு பிழைத்து வந்த ஓர் அணியும் எதிரெதிரே நிற்கும். பிழைத்து வந்தவர் அவரை இரண்டு முறை வெல்ல வேண்டும்.

"இரண்டு வாய்ப்பு இருக்கே, முதல் ஆட்டம் தோத்தா என்ன" என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். தோற்காமல் போகிற அணிக்கு மூன்று ஆட்டம் போதும். முதல் ஆட்டம் தோற்ற அணி மேலே வர, தொடர்ந்து நான்கு ஜெயிக்க வேண்டும், அதாவது மொத்தம் ஐந்து ஆட்டம், அதுவும் நான்கே நாளில். மூன்று பாத்திர மாவை வைத்துக்கொண்டு ஐந்து பந்தி! நான்காவது பந்தியில் முதலாண்டுப் பையன் ஒருவன் நடுங்கிக்கொண்டே மேட்டில் ஏறுவான். விதிப்படி இரண்டாவது வாய்ப்பு இருக்கிறது, கையைப் பொறுத்தவரை அது பாதி வாய்ப்புதான்.

ஓல் மிஸ் அரிசோனாவை 7-4 என வென்றது. அடுத்து மயாமியை அவர்கள் ஊரிலேயே 2-1. பிறகு தோல்வி வட்டத்திலிருந்து மேலேறி வந்த அதே அரிசோனா, ஆனால் இப்போது அவர்களிடம் கை மிச்சமில்லை. 22-6.

அடுத்த கட்டம் சூப்பர் ரீஜனல். 16 ரீஜனல் வெற்றியாளர்கள் ஜோடி ஜோடியாக, மூன்றில் இரண்டு ஜெயித்தால் போதும். ஓல் மிஸ் தன் மாநிலத்திலேயே இருக்கும் சதர்ன் மிஸ் அணியின் ஊரான ஹாட்டீஸ்பர்க்குக்குப் போனது. 10-0, 5-0. எதிரணிக்கு இரண்டு ஆட்டத்திலும் ஒரு ரன்கூட இல்லை.

அப்படியானால் டென்னசிக்கு என்ன ஆனது?

டென்னசி அந்த வருடம் உண்மையிலேயே அசுர அணி. 57-9, எஸ்.இ.சி.க்குள் 25-5, தேசிய அளவில் முதல் சீட், அதாவது ஒரு ஊருக்குள் மட்டும் இல்லாமல் மொத்தப் போட்டியின் வரிசையிலேயே முதலிடம். சூப்பர் ரீஜனலில் சொந்த ஊரான நாக்ஸ்வில்லில் நோட்டர்டேம் அணியோடு மூன்றில் இரண்டைத் தோற்றது, சீசன் முடிந்தது.

அவர்கள் மேல் பழி போடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஜூன் மாதத்துக்கு வரும் எதிராளிகள் எல்லாருமே நல்ல அணிகள். அவர்களை 100 ஆட்டத்தில் 60 தடவை வெல்லக்கூடிய அணி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள், பேஸ்பாலில் அது மிகப் பெரிய பலம். அந்த அணி மூன்றில் இரண்டு என்ற தொடரை வெல்லும் வாய்ப்பு 100-க்கு 65 அளவுக்குத்தான் ஏறுகிறது. இதேபோல நான்கு கட்டம் தாண்ட வேண்டும் என்றால் 65 சதவீதத்தை நான்கு முறை பெருக்க வேண்டும், வருவது 18 சதவீதம். சிறந்த அணிக்கே ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை. 1999-ல் மயாமி இப்படித் தேசிய முதல் சீட்டாக இருந்து கோப்பை வென்றது. அதற்கப்புறம் இன்னொரு முதல் சீட் அணி வென்றது 2024-ல்தான். அந்த அணி, சந்தோஷமான விஷயம், டென்னசி.

2008-ல் ஃபிரஸ்னோ ஸ்டேட் ரீஜனலில் 4-வது சீட்டாக, அதாவது அந்த ஊரின் கடைசி அணியாகப் போய் கோப்பையைத் தூக்கியது. இரண்டு மூன்று ஆட்டத் தொடர்களில் பலம் மெதுவாகத்தான் பேசும் என்பதையே இதெல்லாம் காட்டுகிறது. "டென்னசி பயந்துவிட்டது" என்று எழுதுபவர்களை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

ஒமாஹா: எட்டு அணி, பத்து நாள்

மீதமுள்ள எட்டு அணிகள் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகருக்குப் போகின்றன. 1947-ல் மிச்சிகனில் தொடங்கிய இந்தக் கடைசிக் கட்டம் 1950-லிருந்து ஒமாஹாவில்தான் நடக்கிறது. இதற்குக் கல்லூரி உலகத் தொடர் என்று பெயர். தொழில்முறை அணிகள் அக்டோபரில் ஆடும் உலகத் தொடரோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. 64 அணிப் போட்டி முழுவதையும் இந்தப் பெயரால் சொல்வதும் தவறு, ஒமாஹாவில் நடக்கும் எட்டு அணிக் கட்டத்துக்கு மட்டும்தான் இந்தப் பெயர்.

எட்டு அணியை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு நான்கிலும் மறுபடி இரட்டைத் தோல்வி முறை. இரண்டு பக்கமும் வென்று வருபவர்கள் மூன்றில் இரண்டு என்ற இறுதித் தொடர் ஆடுவார்கள். ரீஜனலிலிருந்து இதற்கு ஒரு பெரிய வித்தியாசம், இங்கே ஆட்டங்களுக்கு நடுவில் ஓய்வு நாள் உண்டு. ஓய்வு நாள் என்றால் மாவு புளிக்க நேரம்.

ஓல் மிஸ்ஸின் நாட்காட்டியை அப்படியே தருகிறேன், கை எப்படிச் சுற்றி வருகிறது என்று மட்டும் பாருங்கள். ஜூன் 18, ஆபர்னோடு, டெலூசியா வீசினார், 5-1 வெற்றி. ஜூன் 20, ஆர்கன்சாவோடு, எலியட், 13-5 வெற்றி. இரண்டு ஆட்டமும் ஜெயித்தாகிவிட்டதால் இப்போது ஒரு தோல்வியைத் தாங்கும் நிலை. ஜூன் 22, மறுபடி ஆர்கன்சா. டெலூசியாவுக்கு மூன்று நாள் ஓய்வுதான் ஆகியிருந்தது, அவரைத் தொடவில்லை. மற்றவர்களை வைத்து ஆடினார்கள், 3-2 என்று தோற்றார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அது ஒரு தோல்வி மட்டுமே. உள்ளே பார்த்தால் முதல் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டார்கள்.

மறுநாள் ஜூன் 23, வியாழக்கிழமை, தோற்றவர் வெளியே. நான்கு நாள் ஓய்வோடு டெலூசியா மேட்டில் ஏறினார். எதிரே ஆர்கன்சாவின் கானர் நோலண்டும் அற்புதமாக வீசினார், அவரிடமிருந்து ஓல் மிஸ் எடுத்தது மொத்தமே இரண்டு ரன். டெலூசியா அதுவும் கொடுக்கவில்லை. ஒன்றாவது இன்னிங்ஸிலிருந்து ஒன்பதாவது வரை அவரே, 113 பந்து, நான்கே ஹிட் (எதிரணி பந்தை அடித்துத் தளம் ஏறியது நான்கு முறைதான்), ஏழு ஸ்ட்ரைக்அவுட், அதாவது ஏழு பேரைப் பந்தை அடிக்க முடியாமலே திருப்பி அனுப்பினார். ஒருவரைக்கூட இலவசமாக முதல் தளத்துக்கு நடக்க விடவில்லை. புல்பென்னிலிருந்து ஒரு ஆள்கூட வர வேண்டியிருக்கவில்லை. 2-0. ஒரே மனிதர் 27 அவுட்டையும் எடுத்ததால் மற்ற எல்லாருடைய கையும் இறுதித் தொடருக்கு அப்படியே மிச்சமானது, அந்த இரவின் பெரிய லாபம் அதுதான்.

இறுதித் தொடர் ஓக்லஹோமாவோடு. ஜூன் 25 முதல் ஆட்டத்துக்கு டெலூசியாவும் இல்லை, எலியட்டும் இல்லை. பெரும்பாலும் நடுவில் வந்து வீசிப் பழகிய ஜாக் டோஹர்ட்டியைத் தொடங்கச் சொன்னார்கள். அவர் முதல் ஐந்து இன்னிங்ஸில் வந்த 15 பேரையும் ஒருவரைக்கூடத் தளம் ஏற விடாமல் அனுப்பினார். எட்டாவது இன்னிங்ஸில் மெக்கான்ட்ஸ், ஹாரிஸ், பென்ச் மூவரும் அடுத்தடுத்து மூன்று ஹோம் ரன். 10-3.

ஜூன் 26, ஞாயிறு. எலியட்டின் கை ஐந்து நாள் ஓய்வுக்குப் பிறகு தயார். ஓக்லஹோமா தரப்பில் கேட் ஹார்ட்டன், முழங்கைக் காயத்தால் 2021 சீசன் முழுவதையும் இழந்தவர். அன்றைக்கு அவர் 13 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார், இறுதித் தொடர் வரலாற்றில் அதுவே சாதனை. எட்டாவது இன்னிங்ஸில் 2-1 என்று தன் அணி முன்னிலையில் இருக்கும்போது நூறு பந்துக்கு மேல் வீசிவிட்டு வெளியே போனார். அடுத்து வந்தவர்களால் அதைக் காக்க முடியவில்லை. ஜேக்கப் கொன்சாலஸ் ஒரு ஹிட் அடித்துச் சமன் செய்தார். அதற்கப்புறம் விழுந்த இரண்டு ரன்னும் வைல்டு பிட்ச்சில், அதாவது பின்னால் நிற்கும் கேட்சராலும் பிடிக்க முடியாமல் தறிகெட்டுப் போன பந்தில், தளத்தில் இருந்தவர் ஓடி வந்து எடுத்தவை. ஒன்பதாவதில் பிராண்டன் ஜான்சன் வந்து மூன்று பேரையும் வரிசையாக ஸ்ட்ரைக்அவுட் செய்தார். 4-2. மொத்தம் 42 வெற்றி, 23 தோல்வி, பள்ளியின் முதல் பேஸ்பால் தேசியக் கோப்பை. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் டெலூசியா.

அடுத்த பிப்ரவரி

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா மகன் கேட்டான்: "அப்ப அடுத்த வருஷமும் அவங்கதான ஜெயிச்சிருக்கணும் மாமா?"

கல்லூரி அணி கையில் தங்காது. மூன்று வருடம் படித்துவிட்டாலோ 21 வயது ஆகிவிட்டாலோ தொழில்முறை அணிகள் ஜூலையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோகலாம், அந்தத் தேர்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். மாதக் கணக்கில் தேடிக் கண்டுபிடித்த முதல் பாத்திரம் ஒரே கோடையில் போய்விடும். டெலூசியாவை அந்த ஜூலையிலேயே கிளீவ்லாண்டு அணி எடுத்துக்கொண்டது. எலியட் முதலாண்டு முடித்தவர் என்பதால் இருந்தார், ஆனால் 2023 சீசனின் தொடக்கத்திலேயே முழங்கைக் காயம், வெளியே உட்கார வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமைக்கு ஆள் தேடும் வேலை முதலிலிருந்து தொடங்கியது. நடப்பு சாம்பியன் அந்த வருடம் எஸ்.இ.சி.யில் 6 ஜெயித்து 24 தோற்றது, மொத்தம் 25-29, 64 அணிப் பட்டியலில் பெயரே இல்லை.

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "வர்ற வெள்ளிக்கிழமை எங்க காலேஜ்ல யார் பிட்ச் பண்றாங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன் மாமா" என்றான்.